ஜெர்மேனியம் ஃபஸ் பெடல் பாடவில்லையா? அறிகுறியிலிருந்து தேடுங்கள்

இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு கண்ட்ரோல். கிதாரின் சத்தத்தைக் கனமான உறுமலாக்கும் ஃபஸ் ஃபேஸ் என்ற மிதிபெட்டி, அதாவது பெடல், இந்தப் பதினோரு பாகங்கள்தான். 1966இல் லண்டனின் ஆர்பிட்டர் நிறுவனம் இவற்றை வட்டமான ஓர் உலோகப் பெட்டிக்குள் வைத்து விற்றது. மைக் ஸ்டாண்டின் அடித்தட்டைப் பார்த்து அந்த வடிவம் வந்தது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் காலடியில் கிடந்தது இந்தப் பெட்டிதான்.

பாகங்கள் குறைவு என்பதால் முதல் பெடலாகப் பலர் இதைக் கட்டுகிறார்கள். கட்டி முடித்துச் செருகினால் பாடாது; அல்லது பாடும், ஆனால் கேட்ட ரெக்கார்டுகளில் வரும் சத்தமாக இருக்காது. உடனே சால்டரிங் அயர்னைச் சூடாக்கி ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மாட்டத் தொடங்கிவிடுகிறோம். நானும் முதல் பெடலில் அதைத்தான் செய்தேன். இரண்டு நல்ல டிரான்சிஸ்டர்களின் கால்கள் ஒடிந்ததுதான் மிச்சம். இந்த சர்க்யூட்டில் இரண்டு டிரான்சிஸ்டரும் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒரு பாகம் பிசகினால் எல்லா வோல்டேஜும் இடம் மாறும். ஆகவே கழற்றும் முன் அளக்க வேண்டும். அளவுகளைச் சரியாகப் படித்தால் தொட வேண்டிய இடம் பெரும்பாலும் ஒன்றே ஒன்றாக இருக்கும்.

கீழே சொல்வதெல்லாம் ஜெர்மேனியம் பிஎன்பி டிரான்சிஸ்டர் போட்ட, பாசிட்டிவ் கிரவுண்ட் கொண்ட (பேட்டரியின் பிளஸ் முனை கிரவுண்டில் இணையும்) மூல வடிவத்துக்கு.

சர்க்யூட்டை ஒருமுறை மனதில் ஓட்டிக்கொள்வோம்

கிதாரிலிருந்து வரும் சிக்னல் 2.2 மைக்ரோஃபாரட் வழியாக முதல் டிரான்சிஸ்டரின் பேஸுக்குப் போகிறது. அதன் எமிட்டர் நேராக கிரவுண்டில். கலெக்டர் 33 கே (கிலோ ஓம்) வழியாக சப்ளைக்கு. அதே கலெக்டர், நடுவில் எதுவும் இல்லாமல், இரண்டாவது டிரான்சிஸ்டரின் பேஸில் இணைகிறது. இரண்டாவதன் எமிட்டர் 1 கே ஃபஸ் கண்ட்ரோல் வழியாக கிரவுண்டுக்கு. கண்ட்ரோலின் நடுக்காலில் 20 மைக்ரோஃபாரட் தொங்குகிறது, இப்போது 22 போட்டால் போதும். அதே எமிட்டரிலிருந்து ஒரு 100 கே திரும்பி வந்து முதலாவதன் பேஸைப் பிடிக்கிறது. இரண்டாவதன் கலெக்டரில் 8.2 கே, அதற்கு மேல் சப்ளைப் பக்கம் 470 ஓம். இவை இரண்டும் சேரும் இடத்திலிருந்து 0.01 மைக்ரோஃபாரட் வழியாக 500 கே வால்யூம் கண்ட்ரோலுக்கு வெளியேற்றம்.

அந்த 100 கேதான் இந்த சர்க்யூட்டின் உயிர்நாடி. அது எப்படி வேலை செய்கிறது என்பது புரிந்தால் பாதிப் பிழைகள் தாமாகவே புரியும். முதலாவதன் கலெக்டர் வழியாக ஓடும் கரண்ட் ஏறக்குறைய 0.25 மில்லி ஆம்பியர்; 9 வோல்ட்டை 33 கேயால் வகுத்தால் வருவது அதுதான். டிரான்சிஸ்டரின் கெயின், அதாவது பேஸ் கரண்டை அது பெருக்கும் மடங்கு, 75 என்றால் பேஸுக்கு 3.3 மைக்ரோ ஆம்பியர் வேண்டும். அது 100 கே வழியாக வர வேண்டும் என்பதால் அதன் இரு முனைக்கும் நடுவே 0.33 வோல்ட் நிற்கும். முதலாவதன் பேஸில் இருக்கும் 0.1 அல்லது 0.15ஐச் சேர்த்தால் இரண்டாவதன் எமிட்டரில் 0.45 வோல்ட்டை ஒட்டி வரும். எமிட்டரில் 1 கே இருப்பதால் இரண்டாவதன் கரண்ட் 0.45 மில்லி ஆம்பியர். அது 8.2 கே, 470 ஓம் இரண்டிலும் ஏறக்குறைய 4 வோல்ட்டை விழுங்கும். மிச்சம் 5 வோல்ட் சொச்சம் கலெக்டரில். ஒரு சிறு கரண்டிலிருந்து மொத்தக் கணக்கும் எப்படி விரிகிறது பாருங்கள்! எத்தனை முறை போட்டாலும் இந்தக் கணக்கு எனக்கு அலுப்பதில்லை.

அளக்க வேண்டிய இடங்கள்

மல்டிமீட்டரின் கறுப்பு முனையை கிரவுண்டில் வையுங்கள். எல்லா அளவும் மைனஸில் வரும். எழுதுவதற்கு எளிதாக மைனஸை விட்டுவிடுகிறேன். கிதாரின் சத்தம் முழுக்கக் குறைந்திருக்கட்டும்.

முதல் டிரான்சிஸ்டர்: எமிட்டர் 0, பேஸ் 0.1 முதல் 0.2, கலெக்டர் 0.5 முதல் 0.8.
இரண்டாவது: பேஸ், முதலாவதன் கலெக்டரில் வந்த அதே அளவு, எமிட்டர் 0.4 முதல் 0.6, கலெக்டர் 4.5 முதல் 5.
சப்ளை: 9, அல்லது பேட்டரியில் இருப்பது.

அப்புறம் ஒரு தேடுமுனை செய்துகொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒயரின் நுனியில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைத் தொடராகச் சேர்த்து, அதன் மறுகாலால் சர்க்யூட்டில் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். யாராவது கிதாரை மீட்டிக்கொண்டிருக்கட்டும். சத்தம் எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்குச் சற்று முன்னால்தான் பிழை. பழைய ரேடியோ மெக்கானிக்குகள் இப்படித்தான் ஒவ்வொரு கட்டமாகக் காது வைத்துப் பிடித்தார்கள்.

மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் சத்தமே இல்லை

மிதிக்காதபோது சிக்னல் சர்க்யூட்டைத் தொடாமல் நேராக வெளியேறும் வழிதான் பைபாஸ்; அதற்குப் பேட்டரி தேவையில்லை. ஆகவே இது சர்க்யூட்டின் பிழை அல்ல, ஜாக்கும் சுவிட்சும்தான். மீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்து இன்புட் ஜாக்கின் நுனிக் காலிலிருந்து அவுட்புட் ஜாக்கின் நுனிக் கால் வரை தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். சுவிட்சை அமுக்கி இன்னொரு முறை. ஒன்பது கால் சுவிட்சில் அயர்னை அதிக நேரம் வைத்திருந்தால் உள்ளே பிளாஸ்டிக் இளகி, கால் ஒருபக்கம் சாய்ந்து, தொடர்பு விட்டுப்போகும். அப்படி ஆனதைச் சரிசெய்ய முடியாது, புதிது போடுங்கள்.

மூடி திறந்திருக்கும்போது பாடி, மூடியதும் ஊமையானால், ஜாக்கின் நுனிக் கால் பெட்டிச் சுவரில் இடிக்கிறது. பிளக்கைச் செருகியதும் அந்தக் கால் இன்னும் சற்று வெளியே தள்ளும். செருகாமல் பார்த்தால் இடைவெளி இருப்பதுபோலத் தெரியும். ஜாக்கைத் திருப்பி வைத்தால் தீர்ந்தது.

பைபாஸ் சரி, மிதித்தால் ஊமை

முதலில் சப்ளை. பேட்டரியின் ஒரு முனையை இன்புட் ஸ்டீரியோ ஜாக்கின் வளையக் காலில் இணைப்பது வழக்கம்; மோனோ பிளக்கைச் செருகியதும் அது கிரவுண்டோடு சேர்ந்து பெடல் உயிர்பெறும். சாதாரணப் பெடல்களில் அங்கே வருவது கறுப்பு ஒயர். இதில் சிவப்பு ஒயர் வர வேண்டும். வேறு பெடலின் படத்தைப் பார்த்துக் கட்டியவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

சப்ளை வருகிறது, ஆனாலும் ஊமை என்றால் இரண்டாவதன் கலெக்டரை அளங்கள்.

அங்கே 9 வோல்ட் முழுதாக நிற்கிறது, எமிட்டரிலோ ஒழுங்காக 0.45 வருகிறது. இந்தச் சேர்க்கை முதலில் என்னை வெகுநேரம் குழப்பியது. எமிட்டர் சரியாக இருந்தால் கலெக்டர் ஏன் பிசக வேண்டும்? ஃபஸ் கண்ட்ரோலின் கிரவுண்ட் கால் விட்டுப்போயிருக்கிறது, அதுதான் விடை. எமிட்டர் கரண்டுக்கு 1 கே வழி இல்லாததால் 100 கே வழியாக முதலாவதன் பேஸுக்குப் போகும் 3 மைக்ரோ ஆம்பியர் மட்டுமே ஓடுகிறது. எமிட்டரில் அதே வோல்டேஜ் அமையும். கலெக்டரில் விழுவதற்குக் கரண்ட் இல்லை. அந்தக் காலில் ஒரு சொட்டு சால்டர் வைத்தால் பெடல் எழுந்துவிடும்.

கலெக்டரும் எமிட்டரும் இரண்டுமே 1 வோல்ட்டை ஒட்டி இருந்தால் இரண்டாவது முழுக்கத் திறந்து கிடக்கிறது. அதாவது முதலாவது வேலை செய்யவில்லை. 100 கே இருக்கும் இடத்தில் 1 மெக் (மெகா ஓம்) போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பழுப்பு, கறுப்பு, மஞ்சள் என்பது 100 கே. பழுப்பு, கறுப்பு, பச்சை என்பது 1 மெக். மங்கிய விளக்கில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அது சரியென்றால் முதலாவதன் கால்களை மாற்றிப் போட்டிருக்கலாம். ஏசி128 போன்ற உருளை வடிவ டிரான்சிஸ்டரில் புள்ளி வைத்த பக்கம் கலெக்டர், நடுவில் பேஸ்.

எல்லா வோல்டேஜும் சரி, சத்தம் மட்டும் இல்லை என்றால் தேடுமுனை பேசட்டும். 0.01 கெப்பாசிட்டரின் ஒரு பக்கம் சத்தம் இருந்து மறுபக்கம் இல்லாவிட்டால் அதன் காலில் ட்ரை சால்டர், அதாவது சரியாக ஒட்டாத சால்டர்.

நோட்டு தும்மித் தும்மி அடங்குகிறது

பலமாக அடித்தால் ஒரு வெடிப்புச் சத்தம், உடனே பொசுக்கென்று நின்றுவிடுகிறது. மெல்ல மீட்டினால் எதுவுமே வரவில்லை. இது பயாஸ், அதாவது சிக்னல் இல்லாதபோது டிரான்சிஸ்டர் நிற்க வேண்டிய வோல்டேஜ், பிசகியதன் அடையாளம். இரண்டாவதன் கலெக்டர் 7 அல்லது 8 வோல்ட்டில் நிற்பதைப் பார்ப்பீர்கள்.

சிலருக்கு இந்தக் கிழிசல் சத்தம் பிடிக்கும், அதற்காகவே பயாஸை வேண்டுமென்று கெடுப்பவர்களும் உண்டு. நமக்கு வேண்டியது நீண்டு நிற்கும் கனமான ஃபஸ் என்றால் கலெக்டரை 4.5க்கு இறக்க வேண்டும். 8.2 கேயை எடுத்துவிட்டு 4.7 கே ரெசிஸ்டர் ஒன்றும் 10 கே பிரீசெட் (திருப்புளியால் திருப்பும் சிறு கண்ட்ரோல்) ஒன்றும் தொடராகப் போடுங்கள். மீட்டரைக் கலெக்டரில் வைத்துக்கொண்டு பிரீசெட்டைத் திருப்புங்கள். 4.5க்கு வந்ததும் மீட்டரை எடுத்துவிட்டுக் காதால் இன்னும் கொஞ்சம் இப்படியும் அப்படியும் நகர்த்துங்கள். என் காதுக்கு 4.8 முதல் 5.2 வரை பிடிக்கிறது. இதில் மீட்டர் சொல்வதைவிடக் காது சொல்வதையே நம்புங்கள்.

பிரீசெட்டை முழுக்கத் திருப்பியும் கலெக்டர் இறங்கவில்லை என்றால் பிழை முதல் டிரான்சிஸ்டரில். அதன் கெயின் மிக அதிகம், அல்லது அது ஒழுகுகிறது. ஒழுக்கு என்பது பேஸில் எதுவும் கொடுக்காதபோதும் கலெக்டரிலிருந்து எமிட்டருக்குக் கசியும் கரண்ட். சிலிக்கானில் இது ஒரு பொருட்டே இல்லை. ஜெர்மேனியத்தில் எல்லாமே இதுதான்.

மேலே போட்ட கணக்குக்குத் திரும்புங்கள். முதலாவதன் கலெக்டரில் மொத்தம் ஓடுவதே 0.25 மில்லி ஆம்பியர், அதாவது 250 மைக்ரோ. அதில் 200 மைக்ரோ ஒழுக்காகவே போய்விட்டால் மிச்சம் 50க்கு மட்டும் பேஸ் கரண்ட் போதும். 100 கேயில் விழுவது 0.33 வோல்ட் அல்ல, 0.07தான். இரண்டாவதன் எமிட்டர் 0.17க்கு இறங்குகிறது, கரண்ட் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். கலெக்டர் 7.5க்கு ஏறிவிடுகிறது. ஒழுக்கு 250ஐத் தாண்டினால் முதலாவதை அடக்க எந்த வழியும் இல்லை, பெடல் செத்துப்போகிறது. இரண்டாவது டிரான்சிஸ்டர் கொஞ்சம் ஒழுகினால் பரவாயில்லை என்று சொல்வதும் இதனால்தான்; அதைப் பிடித்து நிறுத்த 100 கே இருக்கிறது.

ஒழுக்கை அளக்கும் முறை எளிது. மீட்டரில் இருக்கும் கெயின் துளையை நம்பாதீர்கள், அது ஒழுக்கையும் கெயினோடு சேர்த்துச் சொல்லும். எமிட்டரை பேட்டரியின் பிளஸ்ஸில் வையுங்கள். கலெக்டரிலிருந்து 2.47 கே வழியாக மைனஸுக்கு, 2.4 கே ரெசிஸ்டரோடு ஒரு சிறு பிரீசெட் சேர்த்து அந்த அளவுக்குக் கொண்டுவரலாம். பேஸை முதலில் எதிலும் இணைக்காமல் 2.47 கேயின் இரு முனைக்கும் நடுவே அளங்கள். 0.25 வோல்ட் வந்தால் ஒழுக்கு 100 மைக்ரோ, 0.5 வந்தால் 200. இப்போது பேஸிலிருந்து 2.2 மெக் ரெசிஸ்டரை மைனஸில் தொடுங்கள். புதிய அளவிலிருந்து பழையதைக் கழித்து நூறால் பெருக்கினால் உண்மையான கெயின். முதலில் 0.2, பிறகு 1.0 என்றால் கெயின் 80. முதலாவதற்கு 70 முதல் 80, இரண்டாவதற்கு 110 முதல் 130 என்று தேர்ந்தெடுங்கள்.

அளக்கும்போது விரலால் பிடித்த சூட்டிலேயே எண் ஏறிக்கொண்டு போவதைக் காண்பீர்கள். மேசையில் வைத்து இரண்டு நிமிடம் கழித்து அளங்கள். கண்ணாடிக் குழாயின் மேல் கறுப்புப் பெயின்ட் பூசிய ஓசி வரிசை டிரான்சிஸ்டர் என்றால் பெயின்ட் உரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே வெளிச்சம் பட்டால் கரண்ட் மாறும். பெயின்ட் பூசாத ஓசி71ஐத்தான் ஓசிபி71 என்ற பெயரில் ஒளி உணரும் டிரான்சிஸ்டராக விற்றார்கள்.

ஆர்பிட்டர் முதலில் போட்டது என்கேடி275. அந்தப் பெயரை அச்சடித்து இன்று விற்கப்படுவதில் போலிகள் உண்டு. எனக்குத் தபாலில் வந்த ஒரு ஜோடி, அச்சு மட்டும் பழையதுபோல இருக்க, உள்ளே சிலிக்கானாக இருந்தது. மீட்டரின் டயோடு நிலையில் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே அளந்தால் தெரிந்துவிடும்: ஜெர்மேனியம் 0.1 முதல் 0.3 வரை காட்டும், சிலிக்கான் 0.6ஐத் தொடும். பெயருக்குப் பணம் கொடுக்காதீர்கள். நம் ஊர்ப் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் ஒலி வெளியேற்றும் பகுதியில் ஏசி127, ஏசி128 ஜோடி இருக்கும், பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) முத்திரை போட்டவையும் உண்டு. அளந்து எடுத்தால் அவை அருமையாகப் பாடும். ரிச்சி தெருவில் வாங்கிய பன்னிரண்டு ஏசி128இல் எனக்குத் தேறியவை நான்கு. இது நல்ல விகிதம் என்றே நினைக்கிறேன்.

மார்கழி ராத்திரி பாடியது, சித்திரை மத்தியானம் பாடவில்லை

லண்டன் குளிருக்குப் பிறந்த சர்க்யூட்டை சென்னையில் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதி கட்டாயம். ஜெர்மேனியத்தின் ஒழுக்கு ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸுக்கும் இரண்டு மடங்காகும். 25 டிகிரியில் 100 மைக்ரோ ஒழுகியது 35 டிகிரியில் 200 ஒழுகும். அப்போது என்ன நடக்கும் என்பதை மேலேயே பார்த்துவிட்டோம். மொட்டைமாடியில் வெயில் பட்ட உலோகப் பெட்டிக்குள் 45 டிகிரி என்பது சாதாரணம். இங்கிலாந்திலும் சூடான மேடை விளக்குக்குக் கீழே இதே தொல்லை இருந்தது; பின்னால் பிசி108 போன்ற சிலிக்கான் டிரான்சிஸ்டர்கள் இந்தப் பெடலுக்குள் வந்தபோது சூட்டுத் தொல்லை போனது, சத்தமும் கூர்மையாக மாறியது.

சோதித்துப் பார்க்க வெயிலுக்குக் காத்திருக்க வேண்டாம். கலெக்டரில் மீட்டரை வைத்துவிட்டு முதல் டிரான்சிஸ்டரை இரண்டு விரலால் பிடியுங்கள். எண் 4.5இலிருந்து மெல்ல ஏறும். அரை நிமிடத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் ஏறினால் அந்த டிரான்சிஸ்டர் நம் வெயிலுக்குத் தாங்காது.

மருந்து மூன்று. முதலாவது, மிகச் சிறந்தது: முதல் இடத்துக்கு 25 டிகிரியில் 50 மைக்ரோவுக்குக் குறைவாக ஒழுகுவதைத் தேடிப் போடுவது. இரண்டாவது, பிரீசெட்டுக்குப் பதில் கையால் திருப்பும் குமிழை வெளியே வைப்பது. மேடையில் சூடு ஏற ஏறத் திருப்பிக்கொள்ளலாம். மூன்றாவது எனக்குப் பிடித்த வழி. முதலாவதன் பேஸிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 100 கே ரெசிஸ்டர். பேஸில் இருக்கும் 0.1 வோல்ட் அதன் வழியாக 1 மைக்ரோ ஆம்பியரை இழுக்கும். அந்த 1 மைக்ரோவும் பழைய 100 கே வழியாகத்தானே வர வேண்டும்? எமிட்டர் 0.1 வோல்ட் உயரும், கலெக்டர் ஏறக்குறைய 0.9 வோல்ட் இறங்கும். போதாவிட்டால் 47 கே வரை போகலாம். சிக்னல் பக்கம் பேஸ் ஏற்கெனவே சில கே அளவுக்குத் தாழ்ந்த சுமை என்பதால் இந்த ரெசிஸ்டர் சத்தத்தில் பெரிதாகத் தெரியாது.

சால்டர் வைத்த சூட்டிலேயே பயாஸ் திருத்தாதீர்கள். டிரான்சிஸ்டருக்கு சாக்கெட் போடுங்கள். நேரடியாக வைப்பதானால் காலை முதலைக் கிளிப்பால் கவ்விக்கொண்டு வைத்து, கால் மணி நேரம் ஆறவிட்டு அளங்கள். என் பெடல்கள் ஒவ்வொன்றின் மூடிக்கு உள்பக்கத்திலும் அளந்த நாளின் வெப்பமும் கலெக்டர் வோல்டேஜும் பென்சிலால் எழுதியிருக்கும். ஆறு மாதம் கழித்துத் திறக்கும்போது அந்த ஒரு வரி பல மணி நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது.

கிதார் வால்யூமைக் குறைத்தாலும் தெளியவில்லை

ஜெர்மேனியம் ஃபஸ்ஸின் அழகே இதுதான். கிதாரில் குமிழைக் கொஞ்சம் குறைத்தால் கனமான உறுமல் கரைந்து, மணிபோன்ற தெளிந்த சத்தம் வர வேண்டும். வராவிட்டால் பெடலைத் திறக்கும் முன், அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். டியூனர், ஒயர்லெஸ், பஃபர் (பிக்அப்பைச் சுமையிலிருந்து பிரித்துவைக்கும் சிறு சர்க்யூட்) வைத்த பெடல், பேட்டரி போட்ட ஆக்டிவ் பிக்அப், இவற்றில் எது இருந்தாலும் தெளிவு போய்விடும். பெடலின் தாழ்ந்த இன்புட் நேராக பிக்அப் காயிலைச் சுமையாக இழுக்க வேண்டும். காயிலும் கிதாரின் வால்யூமும் இந்த சர்க்யூட்டின் பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது பாகங்கள் என்றே சொல்வேன். ஃபஸ்ஸை வரிசையில் முதலாவதாக வையுங்கள்.

காலால் ஆட்டினால் ‘வா வா’ என்று ஒலிக்கும் வா பெடலை ஃபஸ்ஸுக்கு முன்னால் வைத்தால் அது வாயைத் திறக்காது, சில சமயம் கீச்சிடவும் செய்யும். அதுவும் இந்தத் தாழ்ந்த இன்புட்டின் வேலைதான். இடம் மாற்றிப் பாருங்கள். முடியாவிட்டால் வாவின் அவுட்புட்டில் சிறு பஃபர் வைக்க வேண்டும்.

நேராகச் செருகியும் தெளியவில்லை என்றால் பயாஸை மறுபடி பாருங்கள்.

சத்தம் குறைவு

வால்யூமை முழுக்கத் திருப்பியும் பைபாஸ் அளவுக்குத்தான் வருகிறதா? 470 ஓம் ரெசிஸ்டரைப் பாருங்கள். இரண்டாவதன் கலெக்டரில் ஆடும் அலையில் ஏறக்குறைய பதினெட்டில் ஒரு பங்கைத்தான் அது வெளியே விடுகிறது. மஞ்சள், ஊதா, பழுப்புக்குப் பதில் மஞ்சள், ஊதா, கறுப்பு போட்டிருந்தால் அது 47 ஓம், சத்தம் பத்தில் ஒரு பங்கு. சரியான மதிப்பே இருந்து இன்னும் வேண்டும் என்றால் 1 கே போடுங்கள். சத்தம் இரண்டு மடங்காகும், குணம் கெடாது.

சத்தம் இருக்கிறது, ஆனால் அடிச்சத்தம் இல்லாமல் மெலிந்திருக்கிறது என்றால் 2.2 மைக்ரோவுக்குப் பதில் 0.022 போட்டிருக்கலாம். ஃபஸ் குமிழ் எதையும் மாற்றவில்லை என்றால் 20 மைக்ரோ விட்டுப்போயிருக்கிறது. அந்தக் கெப்பாசிட்டரின் பிளஸ் கால் கிரவுண்டுக்குப் போக வேண்டும். இன்புட் கெப்பாசிட்டரின் பிளஸ் கால் கிதார் பக்கம். பாசிட்டிவ் கிரவுண்ட் என்பதால் பழக்கத்துக்கு எதிராகத்தான் இருக்கும்.

கரகரப்பு, கீச்சு, ரேடியோ

குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் கண்ட்ரோலைக் குற்றம் சொல்லும் முன் அதோடு சேர்ந்த கெப்பாசிட்டரைப் பாருங்கள். ஃபஸ் குமிழ் என்றால் 20 மைக்ரோ, வால்யூம் என்றால் 0.01; இவை டிசியைக் கசியவிட்டால் கண்ட்ரோல் கரகரக்கும். திருப்பாமலே எண்ணெயில் அப்பளம் பொரிவதுபோலச் சத்தம் வந்தால் அது டிரான்சிஸ்டரின் வயது, பெரும்பாலும் முதலாவது. மாற்றிப் போடுவதைத் தவிர வழி இல்லை. மிதிக்கும்போது டப் என்று அடித்தால் இன்புட்டிலும் அவுட்புட்டிலும் கிரவுண்டுக்கு 1 மெக் ஒவ்வொன்று போடுங்கள்.

ஃபஸ்ஸை முழுக்கத் திருப்பினால் கீச்சிடுகிறது என்றால் இன்புட் ஒயரும் அவுட்புட் ஒயரும் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. பிரித்து ஓட்டுங்கள், இன்புட்டுக்குக் கவச ஒயர் போடுங்கள். பின்னணியில் யாரோ செய்தி வாசிப்பது கேட்டால் பயப்பட வேண்டாம். நீளமான ஒயர் ஆன்டெனாவாகி, முதல் டிரான்சிஸ்டர் பழைய ரேடியோவின் டிடெக்டராக வேலை செய்கிறது. அதன் பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவே 47 அல்லது 100 பிகோஃபாரட் வைத்தால் ஒலிபரப்பு நின்றுவிடும்.

பேட்டரியில் பாடுகிறது, எலிமினேட்டரில் பாடவில்லை

தனியாக ஓர் எலிமினேட்டரில் (சுவர் பிளக்கில் செருகும் அடாப்டர்) பாடி, மற்ற பெடல்களோடு ஒரே சப்ளையில் சேர்த்ததும் எல்லாமே அணைந்துபோனால் காரணம் வெளிப்படை. மற்றவற்றில் மைனஸ் கிரவுண்டில் இருக்கிறது, இதில் பிளஸ். கிதார் ஒயரின் கவசம் வழியாக இரண்டு கிரவுண்டும் சேர்ந்து சப்ளை ஷார்ட் ஆகிறது. பிரிக்கப்பட்ட தனி அவுட்புட் உள்ள சப்ளையைப் பயன்படுத்துங்கள். அல்லது ஏசி127 போன்ற என்பிஎன் (பிஎன்பிக்கு எதிர்த் துருவம்) ஜெர்மேனியத்தில், கெப்பாசிட்டர்களைத் திருப்பிப் போட்டு, மைனஸ் கிரவுண்டாகக் கட்டுங்கள். மூன்றாவது வழி, மைனஸ் 9ஐ உண்டாக்கும் சார்ஜ் பம்ப் ஐசி. ஐசிஎல்7660எஸ் போட்டு மெல்லிய விசில் கேட்டால் அதன் 1ஆம் காலை 8ஆம் காலோடு சேருங்கள். வேகம் காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போகும்.

இந்தப் பெடலுக்கு மட்டும் நான் பேட்டரிதான். நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண கார்பன் ஜிங்க் 9 வோல்ட்டே போதும், ரீங்காரமும் இருக்காது.

பேட்டரி சீக்கிரம் தீர்கிறது

மேலே போட்ட கணக்குப்படி முதலாவது 0.25, இரண்டாவது 0.45, மொத்தம் 0.7 மில்லி ஆம்பியர். ஒரு சாதாரணப் பேட்டரி நூற்றுக்கணக்கான மணி நேரம் வர வேண்டும். ஒரு வாரத்தில் தீர்ந்தால் இன்புட்டில் பிளக்கைச் செருகியபடியே விடுகிறீர்கள், அல்லது எங்கோ கரண்ட் வீணாகப் போகிறது. பேட்டரிக்குத் தொடராக மீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்துப் பாருங்கள். 1க்கு மேல் காட்டினால் தேட வேண்டும். எல்இடி வைத்திருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். 4.7 கே போட்டாலும் அது 1.5 மில்லி ஆம்பியர் குடிக்கும், மொத்த சர்க்யூட்டைப்போல இரண்டு மடங்கு. 1966இன் பெட்டியில் எல்இடி கிடையாது. என் பெடலிலிருந்தும் அதை எடுத்துவிட்டேன். மிதித்ததும் காதுக்கே தெரிகிறது.